களைப்பு வாங்கும் முடக்கு

மேலே ஏறி வருகிறவரிடம் அவருடைய களைப்பைக் கேட்பது மஞ்சனூத்து வழக்கம். கேட்டால் கொடுக்காமல் இருப்பதும் மஞ்சனூத்து வழக்கம்தான். போடியிலிருந்து எங்கள் ஊருக்கு ஏறுகிற சரளைப் பாதையில் வளைந்து திரும்புகிற முடக்கு பதினொன்று உண்டு, பதினோராவது முடக்கில் ஒரு நாவல் மரம் உண்டு, அரிசி மூட்டையும் உப்பு மூட்டையும் தலையில் வைத்து வருகிறவர்களுக்கு அந்த மரம் கண்ணில் பட்ட பிறகுதான் கால் இரண்டும் இன்னும் தங்களோடுதான் வருகின்றன என்ற நினைப்பே வரும். மேலேயிருந்து யாராவது ஒருவர் அந்த மரத்தடிவரை இறங்கிப் போய், வருகிறவரின் சுமைக்கு அடியில் ஒரு கையைக் கொடுத்து, "களைப்பக் குடுங்க" என்று கேட்க வேண்டும். வருகிறவர் மூச்சு முட்டினாலும் முழங்கால் நடுங்கினாலும் "இருக்கட்டும்" என்று சொல்ல வேண்டும். பிறகு ஒரு செம்பு மோர், அல்லது கடுங்காப்பி, பிறகு ஊர்ப் பேச்சு. எத்தனை தலைமுறை கேட்டார்கள், எத்தனை தலைமுறை மறுத்தார்கள் என்று தெரியாது. ஆனால் பிள்ளைத்தாய்ச்சிகூட, காய்ச்சலில் வந்தவர்கூட, பிணத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள்கூட "சரி, எடுத்துக்க" என்று சொன்னதில்லை. பந்தியில் இன்னும் கொஞ்சம் சோறு என்று வந்தால் கை தானாக இலைக்கு மேலே விரிகிறதல்லவா, அது மாதிரி எங்கள் வாயில் அந்தச் சொல் தானாக வரும்.

அதனால், கொடுத்தால் என்ன ஆகும் என்பது சைக்கிள்காரர்கள் வருகிறவரைக்கும் எங்களுக்குத் தெரியாமலே இருந்தது.

சைக்கிள்காரர்களைக் கொண்டுவந்தவன் சுருளிவேல், எங்கள் ஊர்ப் பையன்தான், கோயம்புத்தூரில் ஒரு சைக்கிள் கடையில் எட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, ஒரு நாள் கடாக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டிலும் முள்ளுமுள்ளான டயரும் வைத்த ஒரு சைக்கிளில் பதினோரு முடக்கையும் ஏறி வந்து நின்றான். இது சரளையில் ஓட்டுவதற்கென்றே செய்த சைக்கிள், இதை ஓட்டத் தார்ச்சாலை இல்லாத இடமாகத் தேடித் தேடிப் போகிற ஆட்கள் பட்டணத்தில் இருக்கிறார்கள் என்று அவன் சொன்னபோது, இருபது வருஷமாகத் தார்ச்சாலை கேட்டு மனு எழுதிக்கொண்டிருந்த நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"ரோடு இல்லங்கறதுக்காகவா வர்றாக?" என்று கேட்டாள் அவனுடைய பக்கத்து வீட்டு மாயக்கா.

"ஆமாக்கா."

"அப்ப நம்ம ஆஸ்பத்திரி இல்லங்கறதையும் சொல்லு, இன்னும் நாலு பேரு வருவாக."

வந்தார்கள். ஆறு பேர், எட்டு பேர் என்று வந்தார்கள். ஏலக்காய் காயவைக்கிற பழைய ஸ்டோர் இரண்டைச் சுருளிவேல் தங்குமிடமாக்கினான், பலகைச் சுவர், தகரக் கூரை, கயிற்றுக் கட்டில். ஊருக்குக் கரண்டு வந்து பதினைந்து வருஷமாகியும் அந்த இரண்டு ஸ்டோருக்குள் மட்டும் அரிக்கேன் விளக்குதான், கேட்டால் அவர்களுக்கு அதுதான் பிடிக்கும் என்பான். சமையல் அவன் அக்கா வீருசின்னு. முப்பத்திரண்டு வயசு, புருஷன் கேரளத்து எஸ்டேட்டில் வருஷத்துக்கு மூன்று தடவை வந்து போகிற ஆள், செவ்வந்தி என்று ஐந்து வயசில் ஒரு மகள். வீருசின்னு வைக்கிற மொச்சைக் குழம்புக்காகவே இரண்டாம் தடவை வந்தவர்கள் உண்டு.

வருகிறவர்களுக்குச் சுருளிவேல் எங்கள் ஊர் வழக்கத்தை ரசித்து ரசித்துச் சொல்வான். கடைசி முடக்கில் எங்க அக்கா நிற்பாள், சைக்கிள் ஹேண்டிலில் கைவைத்து உங்க களைப்பைக் கேட்பாள் பாருங்கள் என்பான். கேள்வியைச் சொல்லிக்கொடுத்தானே தவிர, அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்பதைச் சொல்லிக்கொடுக்க அவனுக்குத் தோன்றவில்லை. சாப்பாட்டை எந்தப் பக்கம் வைத்து மெல்ல வேண்டும் என்று யாராவது யாருக்காவது சொல்லிக்கொடுப்பார்களா?

ஒரு மாசிமாதக் கூட்டத்தில் நிர்மல் என்றொருவன் வந்தான். ஆபீஸ் சிநேகிதர்கள் இழுத்து வந்த ஆள், பருத்த உடம்பு, மெல்லிய குரல், யாரைப் பார்த்தாலும் முதலில் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பேசுகிற சுபாவம். மற்ற ஐந்து பேரும் ஏறி, மோர் குடித்து, படமெடுத்து, ஸ்டோருக்குப் போய் முக்கால் மணி நேரம் கழித்து அவன் பதினோராவது முடக்கில் தெரிந்தான், பின்னாலே சுருளிவேல் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். வீருசின்னு இறங்கிப் போய் ஹேண்டிலுக்கு அடியில் ஒரு கையைக் கொடுத்து, "களைப்பக் குடுங்க சார்" என்றாள்.

"எடுத்துக்கோங்க," என்றான் நிர்மல். அவன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "சாரிங்க... எல்லாத்தையும் எடுத்துக்கோங்க."

ஒரு இடுப்பிலிருந்து இன்னொரு இடுப்புக்குக் குடத்தை மாற்றினால் எப்படி இருக்கும், அப்படித்தான் இருந்தது என்று வீருசின்னு பிற்பாடு சொன்னாள். அவள் அங்கேயே நாவல் மரத்தடியில் உட்கார்ந்தாள், உட்கார்ந்தவள் சாய்ந்தாள். நிர்மல் சைக்கிளில் ஏறி, ஊர் வரைக்கும் போய், ஊரைத் தாண்டி ஓடைவரைக்கும் போய், திரும்பி வந்து, மறுபடி போய், விசிலடித்துக்கொண்டே மூன்று தடவை ஊரைச் சுற்றி வந்த பிறகுதான் மரத்தடியில் கூட்டம் நிற்பதைப் பார்த்தான்.

இரண்டு நாள் தூங்கினாள் வீருசின்னு. தூக்கத்தில் அவள் தொடை இரண்டும் ஏறி ஏறி இறங்கின.

"ஆத்தி, படுத்துக்கிட்டே மிதிக்கிறாளே," என்று விளக்கெண்ணெய் தேய்த்துவிட்டபடி மாயக்கா சொன்னாள். "எங்கடி போற, தேனிக்கா? போறதுதான் போற, எனக்கு ஒரு மூக்குத்தி வாங்கிட்டு வா."

நிர்மல் மற்றவர்களோடு போகாமல் அந்த இரண்டு நாளும் வாசலில் குளுக்கோஸ் டப்பாவோடு உட்கார்ந்திருந்தான். அவள் கண் விழித்து, அவனைப் பார்த்து, "விடுங்க சார், பதறாதீக. ஒங்க களைப்பு பரவால்ல, மெத்துமெத்துன்னுதான் இருந்துச்சு," என்று சொன்னதும் கும்பிட்டுவிட்டுக் கீழே இறங்கினான். நல்ல மனுஷன்தான். போய்ப் பட்டணத்தில் நாலு பேரிடம் சொன்னான், அதுவும் நன்றியினாலே சொன்னதுதான்.

அடுத்த மாதம் பதினெட்டுப் பேர் வந்தார்கள்.

இப்படி நடக்குமா என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. மலையில் புதுசாக ஒரு ஊற்று உடைத்துக்கொண்டால் எங்கேயிருந்து வந்தாய் என்று தண்ணீரை யார் கேட்பார்கள், யார் முதலில் பாய்ச்சுவது என்றுதான் கேட்பார்கள். ஊர் கூடிப் பேசி, கோயிலில் பொங்கலுக்கு முறை வைப்பது மாதிரி நாற்பது வீட்டுக்கும் முறை வைத்தது: சனிக்கிழமை வடக்குத் தெரு, ஞாயிற்றுக்கிழமை தெற்குத் தெரு, தீட்டு வீடு விலக்கு, பால் கொடுக்கிற பெண் விலக்கு. முறைக்காரர் நாவல் மரத்தடியில் நின்று கேட்க வேண்டியது, வருகிறவர் "எடுத்துக்கோங்க" என்று சொல்ல வேண்டியது, அதைச் சுருளிவேல் முதல் முடக்கிலேயே எல்லோரையும் மூன்று தடவை சொல்லவைத்துக் கூட்டிவருவான். வாங்கினவரைத் தூக்கிக்கொண்டு போக ஒரு கயிற்றுக் கட்டில் மரத்தடியிலேயே கிடந்தது. இரண்டு நாள் தூக்கம், மூன்றாம் நாள் பசி, நாலாம் நாள் கூலியும் காட்டு வேலையும். தூங்குவதற்குக் கூலி கொடுக்கிற ஊர் உலகத்திலே இது ஒன்றுதான் என்று ஆண்கள் மீசையைத் தடவிக்கொண்டார்கள்.

கொஞ்ச நாளில் எங்களுக்கு ருசி பிடிபட்டுவிட்டது. கம்ப்யூட்டர்காரர்கள் களைப்பு கண்ணில் இறங்கும், டாக்டர்கள் களைப்பு குதிகாலில், வாத்தியார்கள் களைப்பு தொண்டையில். வக்கீல் ஒருவருடையதை வாங்கிய மாயக்கா இரண்டு நாளும் தூக்கத்தில் யாரையோ குறுக்கே குறுக்கே கேள்வி கேட்டாள். பார்க்காத ஊர்களைக் கனவில் பார்த்தோம், ஏறாத லிப்டில் ஏறினோம், தெரியாத முதலாளிகளைக் கண்டு பயந்து விழித்தோம். "நேத்து நான் பெங்களூர்ல சிக்னல்ல நின்னேன் மாமா, மூணு மணி நேரம் நின்னேன்," என்று ஒருவர் சொல்ல, "நிக்கிறப்ப கூப்பிட்டிருந்தா நானும் வந்திருப்பேன்ல," என்று இன்னொருவர் சொல்ல, டீக்கடையில் இதே பேச்சாக இருந்தது.

கோவேறு கழுதை ஓட்டுகிற மொக்கராசு பந்தயம் கட்டி ஒரே நாளில் மூன்று பேருடையதை வாங்கினார். மூன்றாவதை வாங்கிவிட்டு, "இவ்வளவுதானா?" என்று சொல்லிச் சிரித்து, காப்பிச்செடி ஓரமாகப் போய் உட்கார்ந்தார், சாயங்காலம் கழுதைகள் தானாக வீட்டுக்கு வந்தன, அவர் வரவில்லை. நாங்கள் அழுதோம், மேளம் வைத்து எடுத்தோம். ஸ்டோர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மேளம் ரொம்ப நன்றாக இருந்தது, நாளைக்கும் உண்டா என்று சுருளிவேலிடம் கேட்டார்கள். பதினாறு முடிந்த மறுநாள் ஊர் கூடி, ஒருவர் ஒரு நாளில் ஒருவருடையதைத்தான் வாங்க வேண்டும் என்று விதி போட்டது. மொக்கராசு விஷயம் அதோடு முடிந்தது.

ஒன்றரை வருஷம் இப்படிப் போனது. வசுமதி என்ற அம்மாள் வந்தது ஐப்பசியில்.

நரைத்த தலையைக் குட்டையாக வெட்டியிருந்தார், மெலிந்த உடம்பு, பேட்டரி வைத்த சைக்கிள், அதனால் மூச்சுக்கூட வாங்கவில்லை. அன்றைக்கு முறை வீருசின்னுவுடையது. அவள் கை கொடுத்துக் கேட்டாள். அந்த அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வேண்டாம்மா," என்றார். "இது சைக்கிள் ஓட்டுன களைப்பு இல்ல. பதினோரு வருஷமா வீட்டுக்காரர் படுக்கையில இருக்கார். மலமூத்திரம் எல்லாம் நான்தான். இத உன்கிட்ட குடுக்கக் கூடாது."

வீருசின்னு கையை எடுத்திருப்பாள். பின்னால் வந்த சுருளிவேல்தான் சைக்கிளை நிறுத்திவிட்டு, "சும்மா குடுங்க மேடம்," என்றான். "எங்க அக்காவுக்கு இதெல்லாம் ஒண்ணுமே இல்ல. ரெண்டு நாள் தூங்குனா சரியாயிரும். இதுக்குத்தான மேடம் இவ்ளோ தூரம் வந்தீங்க?"

அந்த அம்மாள் நாவல் மரத்தைப் பார்த்தார், பள்ளத்தாக்கைப் பார்த்தார், வீருசின்னுவைப் பார்க்காமல், "எடுத்துக்கோ," என்று சொன்னார். சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பைப் போல ஒரு சிரிப்பை அந்த முடக்கில் அதற்கு முன்னும் பின்னும் நாங்கள் கேட்டதில்லை, சின்னப் பெண் மாதிரி சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே ஊருக்குள் போனார்.

வீருசின்னு இரண்டு நாள் தூங்கவில்லை. அந்தக் களைப்பு தூங்க விடாத களைப்பாக இருந்தது, படுத்த அரை மணிக்கு ஒரு தடவை யாரோ கூப்பிட்ட மாதிரி எழுந்து உட்கார்ந்தாள், இல்லாத படுக்கையை உதறினாள், இல்லாத கிண்ணத்தைக் கழுவினாள். மூன்றாம் நாள் போனது, முப்பதாம் நாளும் போனது, அது இறங்கவில்லை. மகளுக்குச் சடை பின்னக் கையைத் தூக்கினால் பாதியில் கை நின்றது. ஒரு வாய் சோற்றை மென்று முடிப்பதற்குள் மதியமாகிவிடும். சமையலை மாயக்கா பார்த்துக்கொண்டாள், மொச்சைக் குழம்பு எங்கே என்று கேட்டவர்களுக்கு அந்த அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்றான் சுருளிவேல், அதற்குப் பிறகு அவன் அக்காவின் முகத்தைப் பார்த்துப் பேசியதை யாரும் பார்க்கவில்லை.

இறக்கிவைக்க வழி ஒன்றுதான் இருந்தது, அது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தும் இருந்தது. யாராவது அவளிடம் கேட்க வேண்டும். கேட்டால், எடுத்துக்க என்று அவள் சொல்லலாம். கேட்காத ஆள்மேல் களைப்பை இறக்க முடியாது.

அந்த ஐப்பசியிலிருந்துதான் மஞ்சனூத்தில் ஒருவரை ஒருவர் கேட்பது நின்றுபோனது. காசு கொடுத்து வருகிறவர்களைக் கேட்டோம், எங்களுக்குள்ளே கேட்கவில்லை. விறகோடு வருகிறவளைக் கண்டால் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தோம், மூட்டையோடு வருகிறவரைக் கண்டால் இருமினோம். தைக்கு ஊருக்கு வந்த வீருசின்னுவின் புருஷன், மரத்தடியில் உட்கார்ந்திருந்த பெண்டாட்டியைக் கண்டதும் பழக்கதோஷத்தில் "களை..." என்று வாயைத் திறந்தவன், அப்படியே மூடிக்கொண்டு, "களை எடுத்தாச்சா காட்டுல?" என்று கேட்டான். போக வேண்டிய நாளுக்கு இரண்டு நாள் முன்னாலேயே எஸ்டேட்டுக்குப் போய்விட்டான்.

ஊர் ஒன்றும் கல்நெஞ்சு ஊரில்லை. அதற்கு முன்னாலே, கார்த்திகையிலேயே கூடிப் பேசினோம். பெரிய சுமைதான், ஆனால் நாற்பது வீடு இருக்கிறதே, வீட்டுக்கு ஒரு பிடி எடுத்தால் யாருக்கும் வலிக்காது என்று முடிவு செய்தோம், எல்லோரும் கை தூக்கினோம், வெள்ளிக்கிழமை காலை, நாவல் மரத்தடி. வீருசின்னு வியாழக்கிழமையே தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, வெள்ளிக்கிழமை விடியுமுன் போய் உட்கார்ந்தாள். நாற்பது வீட்டு ஆளும் வந்தோம், ஒருவர்கூடக் குறையவில்லை, மரத்தைச் சுற்றி நின்றோம்.

"யாரு மொதல்ல?" என்று ஒரு குரல் கேட்டது.

"மொதல்ல கேக்குறவனுக்கே மொத்தமும் எறங்கிட்டா?"

"ஒரு பிடின்னு சொல்லிக் குடுக்கட்டும். ஏத்தா வீருசின்னு, ஒரு பிடி மட்டும்னு அளந்து குடுப்பியா?"

"எனக்கு அளக்கத் தெரியாதேண்ணே," என்றாள் அவள். பொய் சொல்லியிருக்கலாம்.

"கூடப் பொறந்தவன் நிக்கிறான்ல, அவன் கேக்கட்டும் மொதல்ல," என்றாள் மாயக்கா.

எல்லோரும் சுருளிவேலைப் பார்த்தோம். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "நாளைக்குப் பன்னெண்டு பேரு வர்றாங்க," என்றான். "நான் படுத்துட்டா அவங்கள யாரு கூட்டிவருவா? ஊருக்கே நட்டம். எனக்காகவா சொல்றேன்?"

நியாயம்தானே என்று நாலைந்து பேர் சொன்னோம். வெயில் ஏறியது. அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள், அவள் பார்வை வந்த முகமெல்லாம் திரும்பின. அப்போது மேற்கே இருந்து ஒரு தூறல் வந்தது, சின்னத் தூறல்தான், ஐயோ மழை, காயப்போட்ட மிளகு நனையுமே என்று கத்திக்கொண்டு ஓடினோம். எங்கள் ஊர் அவ்வளவு சந்தோஷமாக ஓடி நான் பார்த்ததில்லை. மிளகு காயப்போடுகிற மாதம்கூட இல்லை அது.

அதற்குப் பிறகு வீருசின்னு தினமும் மரத்தடிக்கு வந்தாள். கேட்கப்படுகிற இடம் அதுதான் என்பதால் அங்கேயே இருந்தாள். உள்ளே ஒரே ஒரு சொல்லை மட்டும் உருட்டிக்கொண்டிருந்தாள், "எடுத்துக்க, எடுத்துக்க" என்று உதடு அசைந்துகொண்டே இருக்கும், எப்போதாவது யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால், பழைய பழக்கத்தில் இருக்கட்டும் என்று சொல்லித் தொலைத்துவிடக் கூடாதே என்ற பயம் அவளுக்கு. மகளிடம் மட்டும் முதல் வேலையாகச் சத்தியம் வாங்கியிருந்தாள். "எல்லாருகிட்டயும் கேளு, என்கிட்ட மட்டும் கேக்கக்கூடாது. அம்மா தலைமேல கை வச்சுச் சொல்லு." செவ்வந்தி வைத்துச் சொன்னது. சைக்கிள்காரர்கள் மரத்தையும் வீருசின்னுவையும் சேர்த்துப் படமெடுத்துப் போனார்கள், அந்தப் படம் பயண விளம்பரத்திலும் வந்தது, அதில் அவள் ரொம்ப அமைதியாக இருந்தாள்.

அடுத்து வந்த மாசியில் நிர்மல் மறுபடி வந்தான். எங்களுக்கு அடையாளமே தெரியவில்லை, உடம்பு பாதியாகி, தொடை இரண்டும் உருண்டு, முதல் ஆளாக ஏறினான், மரத்தடியில் முறைக்காரர் கேட்டதற்கு, "களைப்பே இல்லியே," என்று சிரித்தான். கட்டிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவளை அவன் அப்போது பார்க்கவில்லை. அன்றைக்குச் சாப்பாட்டில் மொச்சைக் குழம்பு இல்லாததைப் பார்த்துத்தான் கேட்டான், மாயக்கா ஒளிக்காமல் சொன்னாள். மறுநாள் ஸ்டோரைவிட்டு அவன் வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் காலையில், எல்லோரும் இறங்குகிற நேரம், மற்றவர்களைப் போகச் சொல்லிவிட்டு, பதினோராவது முடக்கில் சைக்கிளை நிறுத்தினான்.

செவ்வந்தி அம்மாவுக்குக் காப்பித் தூக்கோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. நாங்களும் கொஞ்சம் தள்ளி, ஏதோ வேலை பார்க்கிற மாதிரி நின்றிருந்தோம்.

நிர்மல் சரளையில் முட்டி போட்டு உட்கார்ந்தான். "அக்கா, சாரிக்கா," என்றான். "அன்னைக்கு என்னோடத நீங்க வாங்கிக்கிட்டீங்க." கேட்க வேண்டும் என்று இரண்டு இரவு தனக்குத்தானே சொல்லிச் சொல்லி வந்திருக்கிறான் என்பது பார்த்தாலே தெரிந்தது. அவள் உள்ளங்கைக்கு அடியில் தன் கையைக் கொடுத்தான். "உங்க களைப்பக் குடுங்கக்கா."

முறையாகக் கேட்டான். எங்கள் ஊரில் பிறந்தவன் மாதிரி கேட்டான். வீருசின்னு அவன் முகத்தைப் பார்த்தாள், வியர்வை வழிகிற, விருந்தாளியின் முகம், கீழே இறங்கப் போகிறவன், இன்னும் முப்பது மைல் மிதிக்க வேண்டியவன். ஐந்து மாதமாக உருட்டி உருட்டி வைத்திருந்த சொல்லை எடுக்க அவள் வாயைத் திறந்தாள், அவளுக்கும் முன்னால், அவள் அம்மாவும் அவள் அம்மாவின் அம்மாவும் அந்த மரத்தடியில் சொல்லிச் சொல்லி வைத்தது வந்துவிட்டது.

"இருக்கட்டும் சார்," என்றாள்.

சொன்ன மறு நொடியே அவள் கண் அகன்றது. அதை அவன் பார்த்தான். நாங்களும் பார்த்தோம். இன்னொரு தடவை அவன் கேட்டிருந்தால் போதும், ஒரே தடவை. அவன் முகத்தில் முதலில் ஒரு தெளிச்சி வந்தது, பெரிய ஆபரேஷன் வேண்டியதில்லை என்று டாக்டர் சொல்லக் கேட்டவன் முகத்தில் வருகிற தெளிச்சி, பிறகு அவன் அவசரம் அவசரமாகக் கும்பிட்டான். "நீங்க ரொம்ப பெரிய மனசுக்கா," என்றான். சைக்கிளில் ஏறினான்.

"சார்," என்றாள் வீருசின்னு. "சார்... சார்..." அவளிடம் இருந்த குரல் அவ்வளவுதான். அவன் காதில் விழவில்லை, இறக்கத்தில் காற்று அப்படி என்பார்கள் எங்களில் சிலர். பத்தாவது முடக்கில் அவன் திரும்பாமலே ஒரு கையைத் தூக்கி ஆட்டியதை நான் பார்த்தேன்.

அவள் அழுதாள். அழுவதற்கும் தெம்பு போதாமல் விட்டு விட்டு அழுதாள். செவ்வந்தி தூக்கைக் கீழே வைத்தது. சத்தியமெல்லாம் அதற்கு எங்கே ஞாபகம் இருக்கும், அதற்கு வயசு ஏழு, பெரியவர்கள் முட்டி போட்டுக் கேட்டதைக் கண்ணெதிரே அப்போதுதான் பார்த்திருக்கிறது. அம்மாவின் உள்ளங்கைக்கு அடியில் தன் கையை வைத்தது.

"அம்மா, களைப்பக் குடும்மா."

இந்தத் தடவை நாக்கு தவறவில்லை.

"எடுத்துக்க," என்றாள் வீருசின்னு.

யாரிடம் சொன்னோம் என்று தெரிவதற்கு முன்னாலே அவள் எழுந்துவிட்டாள். எழுந்தது மட்டுமில்லை, நிமிர்ந்தாள், நாவல் மரத்தின் உச்சியைப் பார்த்தாள், மூச்சை இழுத்துவிட்டாள், சிரித்தாள், வசுமதி அம்மாள் சிரித்த அதே சிரிப்பை. சிரிப்பு முடிகிற இடத்தில்தான் குனிந்தாள். குழந்தை காப்பித் தூக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அவள் அதை அள்ளி இடுப்பில் வைத்துக்கொண்டு ஊரை நோக்கி ஓடினாள், அவ்வளவு வேகமாக ஓட முடிந்தது அவளால்.

"எந்திரிச்சுட்டியாடி!" என்று மாயக்கா குலவையிட்டாள். தெருவே கூடிக் குலவையிட்டது. சுருளிவேல் அக்காவின் முகத்தை நேராகப் பார்த்து, "சனிக்கெழம பதினாலு பேருக்கா," என்றான். அந்தக் களைப்பு எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. இடுப்பில் இருந்த குழந்தை தூங்காமல் கண்ணை விழித்துக்கொண்டு எங்களைப் பார்த்தது.

"குடுடி, திருப்பிக் குடுடி, அம்மாட்டயே குடுத்துரு," என்று அன்றைக்கு அவள் பிள்ளையை மடியில் போட்டு அரற்றினாள்.

"இருக்கட்டும்மா," என்றது செவ்வந்தி. மஞ்சனூத்துப் பிள்ளை வேறென்ன சொல்லும்?

மறுநாளும் கேட்டாள், அதற்கு மறுநாளும் கேட்டாள், எடுத்துக்கன்னு சொல்லுடி என்று கன்னத்தில் அடித்துக்கூடக் கேட்டாள், பிள்ளை அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, அதையேதான் சொன்னது. பிறகு காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை என்று ஆனது. பிறகு காலையில் மட்டும். ஸ்டோரில் இருபது பேருக்கு இட்லி ஊற்ற வேண்டும், பதினோரு மணிக்கு மரத்தடிக்குப் போக வேண்டும், அதனால் போகிற போக்கில், ஒரு கண் பாதையில் இருக்க, வேகமாக, நாங்களெல்லாம் அந்தக் காலத்தில் கேட்ட மாதிரியே கேட்டுவிட்டுப் போனாள்.

மொச்சைக் குழம்பு திரும்பி வந்தது. ஸ்டோர் இரண்டு என்பது நாலாயிற்று. செவ்வந்தி பள்ளிக்கூடம் போவதில்லை, ஸ்டோர் வாசற்படியில் உட்கார்ந்திருக்கும். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து உள்ளே போய், விருந்தாளிகளின் போர்வையை உதறி மடித்து வைத்துவிட்டு வந்து உட்காரும். போன வாரம் வந்திருந்த ஒரு பெண், ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, அதன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பெரிய சாக்லேட்டை நீட்டினாள். தன் கை அதை வாங்க எவ்வளவு தூரம் ஏற வேண்டும் என்று பிள்ளை கொஞ்ச நேரம் பார்த்தது.

"இருக்கட்டும்," என்றது.

அந்தப் பெண்ணுக்கு மனசு நிறைந்துவிட்டது. உள்ளே இட்லித் துணியைப் பிழிந்துகொண்டிருந்த வீருசின்னுவைத் திரும்பிப் பார்த்து, "எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு, இந்நேரம் பிடுங்கித் தின்னிருக்கும்," என்றாள். "நல்லா வளத்திருக்கீங்கக்கா."